வேகமாக ஓடும் மணிக்கூடும் வியாபாரியின் அமானிதமும்



பற்றரி மணிக்கூடுகள் வந்த பின்னர் சாவி கொடுக்கும் மணிக்கூடுகளின் காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். அப்படி நடக்கவில்லை. வாப்பா விட்டுச் சென்ற மணிக்கூட்டைத் திருத்தி அணிய விரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மத்திய கிழக்கில் தொழில் செய்த காலத்தில் வாங்கிய ஓட்டோமெட்டிக் மணிக்கூட்டை இன்றும் கழற்றாதவர்கள் இருக்கிறார்கள். புதிதாக விரும்பி வாங்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். ஆகவே மணிக்கூடு விற்கும், திருத்தும் சகோதரர்களிடம் இந்த வேலை தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்படி வருபவர்கள் சொல்லும் குறைகளுள் ஒன்று, "மணிக்கூடு வேகமாக ஓடுகிறது" என்பதாகும். மணிக்கூட்டு வியாபாரத்திலும் திருத்தத்திலும் ஈடுபட்டு வருபவன் என்ற வகையில் இந்தக் குறையைப் பற்றி இவ்வாரம் எழுத நினைத்தேன். பார்வைக்கு இது சிறிய விடயம். ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கை வைத்தால் வாடிக்கையாளரின் பணமும் போகும், நமது பெயரும் போகும். நோன்பு காலமாக இருந்தால் அவருடைய இபாதத்தும் பாதிக்கப்படலாம்.

முந்தி நிற்பதும் வேகமாக ஓடுவதும்

முதலில் ஒரு வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். மணிக்கூடு ஐந்து நிமிடம் முந்தி நிற்பது வேறு, வேகமாக ஓடுவது வேறு. கடைக்குப் பிந்திவிடக் கூடாது என்பதற்காகச் சிலர் வேண்டுமென்றே ஐந்து நிமிடம் கூட்டி வைப்பார்கள். அது இன்றும் ஐந்து நிமிடம், அடுத்த வாரமும் ஐந்து நிமிடம். அதில் குறை எதுவுமில்லை. வேகமாக ஓடும் மணிக்கூடு இன்று ஒரு நிமிடம், நாளை இரண்டு நிமிடம், ஒரு வாரத்தில் ஏழு நிமிடம் என்று கூடிக்கொண்டே போகும்.

ஆகவே "ஐந்து நிமிடம் கூட" என்று ஒருவர் சொன்னால், "எத்தனை நாளில்?" என்பதே நமது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இதைக் கேட்காமலே மூடியைக் கழற்றும் கடைகள் உண்டு.

எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம்?

ஒரு நாளில் 86,400 செக்கன்கள் உண்டு. ஒரு மணிக்கூடு நாளொன்றுக்கு 30 செக்கன் கூட ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதை நமது தராசுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோவுக்கு அரைக் கிராமிலும் குறைவான பிழை. ஸ்பிரிங்கிலும் சில்லுகளிலும் ஓடும் ஒரு சிறிய இயந்திரத்துக்கு இது மோசமில்லை.

சுவிட்சர்லாந்தில் குரோனோமீற்றர் என்ற சான்றிதழ் பெறும் இயந்திரங்களுக்கு அனுமதிக்கப்படும் சராசரி நாளொன்றுக்கு 4 செக்கன் குறைவு முதல் 6 செக்கன் கூடுதல் வரையாகும். அவை விலை உயர்ந்தவை. நம்மவர்கள் அதிகம் அணியும் சீகோ ஓட்டோமெட்டிக் மணிக்கூடுகளில் 4ஆர்36 என்ற இயந்திரத்துக்கு, நாளொன்றுக்கு 45 செக்கன் கூடுவதையும் 35 செக்கன் குறைவதையும் உற்பத்தியாளரே ஏற்றுக்கொள்கிறார். எனவே 20 செக்கன் கூட ஓடும் அவ்வகை மணிக்கூட்டுடன் வருபவரிடம், "இது பழுதல்ல, இந்த வகைக்கு இது இயல்பு" என்று சொல்லி அனுப்புவதே நேர்மை. தேவையில்லாத சேர்விஸ் செய்து பணம் எடுப்பது நேர்மையாகாது.

அதே மணிக்கூடு நாளொன்றுக்கு 20 நிமிடம் கூட ஓடினால் கதை வேறு. தராசுக் கணக்கில் அது கிலோவுக்கு 14 கிராம் அளவு. அங்கே உண்மையில் ஏதோ நடந்திருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன?

மணிக்கூட்டின் உள்ளே முன்னும் பின்னுமாக ஆடும் ஒரு சில்லு இருக்கிறது. அதைப் பெலன்ஸ் சில்லு என்கிறோம். அதன் நடுவில் நுளம்புச் சுருளைப் போன்று சுருண்ட, தலைமுடியளவு மெல்லிய ஸ்பிரிங் ஒன்று இருக்கும். இதுதான் ஹெயார் ஸ்பிரிங். 1675ஆம் ஆண்டு ஹொலண்ட் நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் இதைப் பயன்படுத்திக் காட்டிய பின்னரே கையில், சட்டைப்பையில் வைக்கும் மணிக்கூடுகள் நம்பத்தக்கவையாக மாறின.

இந்த ஸ்பிரிங்கின் நீளமே வேகத்தைத் தீர்மானிக்கிறது. நீளம் குறைந்தால் சில்லு விரைவாக ஆடும். நூற்றில் ஒரு பங்கு நீளம் குறைந்தாலே நாளொன்றுக்கு 7 நிமிடமளவு கூடிவிடும். ஆகவே ஒரு மணிக்கூடு திடீரென்று பல நிமிடங்கள் வேகமாக ஓடத் தொடங்கினால், அந்த ஸ்பிரிங் ஏதோ ஒரு வகையில் குறுகி வேலை செய்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். சுருளின் ஒரு வளையம் அடுத்த வளையத்துடன் ஒட்டிக்கொண்டாலே அப்படி நடந்துவிடும்.

வளையங்கள் ஒட்டுவதற்குப் பிரதான காரணங்கள் மூன்று. ஒன்று காந்தம் ஏறுதல். இரண்டாவது, ஸ்பிரிங்கில் எண்ணெய் அல்லது அழுக்குப் படுதல். மூன்றாவது, விழுந்து அடிபட்டு வளையங்கள் சிக்குப்படுதல்.

இவை தவிர நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. பொருத்தமில்லாத, பலம் கூடிய மெயின் ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டால் பெலன்ஸ் சில்லு அளவுக்கு மீறி ஆடி, ஆட்டத்தின் முடிவில் இடித்துத் திரும்பும். சில ஓட்டோமெட்டிக் மணிக்கூடுகளில் மெயின் ஸ்பிரிங் பெட்டியின் உட்சுவருக்கு உரிய கிறீஸ் இடப்படாவிட்டாலும் இவ்வாறு நேரலாம். முழுச் சாவி ஏறியிருக்கும்போது மட்டும் மணிக்கூடு தாறுமாறாக வேகமெடுக்கும். காதில் வைத்துக் கேட்டால் ஒரு சீரான சத்தத்துக்குப் பதிலாகக் குதிரை ஓடுவது போலக் கேட்கும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

வைத்தியர் மருந்து எழுத முன்னர் விசாரிப்பது போல நாமும் விசாரிக்க வேண்டும். நான் கேட்கும் கேள்விகள் இவை:

1. நாளொன்றுக்கு எவ்வளவு கூடுகிறது?
2. திடீரெனத் தொடங்கியதா, எப்போதும் இப்படித்தானா?
3. அண்மையில் விழுந்ததா, எங்காவது மோதியதா?
4. கடைசியாக எப்போது திறந்து சேர்விஸ் செய்யப்பட்டது?
5. இரவில் கழற்றி எங்கே வைக்கிறீர்கள்?

பெரும்பாலும் பதிலிலேயே காரணம் வந்துவிடும். திடீரெனத் தொடங்கிப் பல நிமிடங்கள் கூடுகிறது, விழவுமில்லை என்றால் காந்தத்தைச் சந்தேகியுங்கள். விழுந்த பின் தொடங்கியது என்றால் ஸ்பிரிங் சிக்குப்பட்டிருக்கலாம். சேர்விஸ் செய்த கையோடு தொடங்கியது என்றால் எண்ணெய் கூடிவிட்டதா, மெயின் ஸ்பிரிங் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். எப்போதும் ஒரே அளவில் ஒரு நிமிடத்துக்குக் கிட்டக் கூடுகிறது என்றால் மட்டுமே அது வேகத்தைச் சரிசெய்யும் வேலை.

ஐந்தாவது கேள்வியைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் அதில் விடயம் இருக்கிறது. ஒலிபெருக்கி, குளிர்சாதனப் பெட்டியின் கதவு, காந்தப் பூட்டு வைத்த கைப்பை, காந்தத்தால் ஒட்டும் தொலைபேசி உறை, சார்ஜர், வலிக்கு நல்லதென்று சொல்லி விற்கப்படும் காந்த வளையல் ஆகிய எல்லாவற்றிலும் காந்தம் இருக்கிறது. முன்பு ஒரு வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி மட்டும் இருந்தது. இன்று ஒவ்வொரு மேசையிலும் நாலைந்து காந்தங்கள் இருக்கின்றன.

கிப்லா கொம்பாஸ் போதும்

காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கிப்லாத் திசை பார்க்கும் சிறிய கொம்பாஸ் பல வீடுகளில் இருக்கிறது. அதை மேசையில் சமமாக வைத்து, முள் அசையாமல் நின்ற பின்னர் மணிக்கூட்டை மெதுவாக அதன் அருகே கொண்டு வாருங்கள். பின்னர் மணிக்கூட்டை எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

இரும்பு இருப்பதால் முள் சற்று அசைவது இயல்பு. காந்தம் ஏறாத இரும்பு முள்ளின் இரு முனைகளையும் இழுக்க மட்டுமே செய்யும். மணிக்கூட்டின் ஒரு பக்கம் முள்ளை இழுத்து, இன்னொரு பக்கம் அதே முனையைத் தள்ளினால் காந்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சோதனை முடிந்ததும் கொம்பாஸ் பழையபடி வடக்கைக் காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காந்தத்தை இறக்கும் கருவி சிறிய பெட்டியளவில் கிடைக்கிறது. மணிக்கூடு திருத்தும் எந்தக் கடையிலும் அது இருக்க வேண்டும். வாங்கும்போது நமது நாட்டின் 230 வோல்ட் மின்சாரத்துக்கு உரியதுதானா என்று பார்த்து வாங்குங்கள். மணிக்கூட்டை அதன் மேல் வைத்து, பொத்தானை அமுக்கியபடியே மெதுவாக இரண்டடி தூரத்துக்கு விலக்கி, அதன் பின்னரே பொத்தானை விட வேண்டும். அருகில் வைத்துக்கொண்டு பொத்தானை விட்டால் இறங்கிய காந்தம் மீண்டும் ஏறிவிடக்கூடும். பொத்தானைத் தொடர்ந்து அமுக்கிக்கொண்டிருந்தால் கருவி சூடாகிவிடும். சில செக்கன்கள் போதும். பற்றரி மணிக்கூடுகளை இதில் வைக்க வேண்டாம்.

திருத்துபவர்கள் தங்கள் இடுக்கியையும் திருப்புளியையும் இடைக்கிடை இக்கருவியில் காட்டுவது நல்லது. ஆயுதத்தில் காந்தம் ஏறியிருந்தால் அது தொடும் மணிக்கூட்டுக்கும் போய்ச் சேரும்.

ஓர் உதாரணம்

புடைவைக் கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் ஒரு நல்ல ஓட்டோமெட்டிக் மணிக்கூட்டைக் கொண்டு வந்தார். நாளொன்றுக்கு 20 நிமிடமளவு கூட ஓடுகிறது என்றார். அதற்கு முன் இரண்டு இடங்களில் காட்டியிருந்தார். இரண்டு இடங்களிலும் பணம் வாங்கிக்கொண்டு, வேகத்தைக் குறைக்கும் ஊசியைத் தள்ளித் தள்ளி அதன் எல்லைக்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அதற்கு மேல் தள்ள இடமில்லை. "இது இனிச் சரிவராது, வித்துப் போடுங்க" என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

"இரவில எங்க வைக்கிறீங்க ஹாஜியார்?" என்று கேட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உள்ள ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் என்றார். கொம்பாஸை வைத்துப் பார்த்தபோது முள் சுழன்றது. காந்தத்தை இறக்கினோம். 20 நிமிடக் கூடுதல் போய்விட்டது. ஆனால் மணிக்கூடு இப்போது நாளொன்றுக்குப் பல நிமிடங்கள் பிந்தத் தொடங்கியது. காரணம், முன்னர் தள்ளி வைத்த ஊசி. அதை மீண்டும் உரிய இடத்துக்குக் கொண்டு வந்து, மூன்று நாள் வைத்துப் பார்த்த பின்னரே கொடுத்தோம்.

இதில் நமக்குள்ள பாடம் தெளிவானது. காரணத்தை விட்டுவிட்டு அறிகுறியைத் திருத்தினால், ஒரு குறையின் மேல் இன்னொரு குறையைக் கட்டுகிறோம். பின்னர் வருபவர் இரண்டையும் அவிழ்க்க வேண்டியிருக்கும். கடைக் கணக்கில் பணம் இடிக்கும்போது எங்கே இடிக்கிறது என்று தேடாமல், "சில்லறைச் செலவு" என்று ஒரு வரி எழுதிச் சமப்படுத்துபவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

ஊசியைத் தொடுவது கடைசி வேலை

காந்தமில்லை, எண்ணெய் படவில்லை, ஸ்பிரிங் சுத்தமாக இருக்கிறது, ஆயினும் சீராகக் கூடுகிறது என்று உறுதியான பின்னரே வேகம் சரிசெய்யும் ஊசியைத் தொட வேண்டும். பெலன்ஸ் சில்லின் மேலே கூட்டல், கழித்தல் அடையாளங்கள் இருக்கும். சிலவற்றில் எஃப், எஸ் என்றும், பழைய சுவிஸ் மணிக்கூடுகளில் ஏ, ஆர் என்றும் இருக்கும். எஃப், ஏ இரண்டும் வேகம் கூட்டும் பக்கம். எஸ், ஆர் இரண்டும் குறைக்கும் பக்கம். முடியளவு தள்ளினாலே செக்கன்கள் மாறும். அதன் அருகிலேயே ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் இன்னொரு கை இருக்கும். அதைத் தவறுதலாகத் தள்ளினால் "டிக்", "டக்" இரண்டுக்கும் இடையிலான சமநிலை கெட்டுவிடும்.

வேகம் அளக்கும் கருவி இருந்தால் முகம் மேலே, முகம் கீழே, சாவிக் குமிழ் கீழே என்று பல நிலைகளில் வைத்துப் பாருங்கள். ஒரு நிலையில் மட்டும் பார்த்துத் திருத்தினால் மேசையில் சரியாக ஓடும், கையில் பிழைக்கும். கருவி இல்லாவிட்டால் 24 மணித்தியாலம் பொறுத்திருந்து தொலைபேசி நேரத்துடன் ஒப்பிட வேண்டும். பொறுமைதான் அங்கே கருவி.

சிறிய கூடுதலுக்கு மூடியைத் திறக்காமலே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. மணிக்கூட்டை இரவில் வைக்கும் நிலைக்கேற்ப வேகம் சற்று மாறும். ஓரிரவு முகம் மேலே, மறு இரவு சாவிக் குமிழ் மேலே, அடுத்த இரவு குமிழ் கீழே என்று வைத்து, காலையில் எழுதி வரச் சொல்லுங்கள். எந்த நிலையில் பிந்துகிறதோ, அந்த நிலையில் வைத்தால் பகலில் கூடியது இரவில் கழிந்துவிடலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. இப்படிச் சொல்லிக் கொடுக்கும் கடைக்காரரை வாடிக்கையாளர் மறக்க மாட்டார்.

கூலியும் பில்லும்

இனி வியாபாரிகளுக்கு முக்கியமான விடயத்துக்கு வருவோம். காந்தத்தை இறக்கப் பத்துச் செக்கன்தான் எடுக்கும். பத்துச் செக்கன் வேலைக்கு எப்படிப் பணம் கேட்பது என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் சிலரைப் பொய்க்குக் கொண்டுபோகிறது. "முழு சேர்விஸ் செய்தோம்", "ஸ்பிரிங் மாற்றினோம்" என்று சொல்லி, இரண்டு நாள் வைத்திருந்து பெரிய பில் கொடுக்கிறார்கள்.

குறையைக் கண்டுபிடிக்கும் அறிவுக்கும் அனுபவத்துக்கும் கூலி வாங்குவது ஆகுமான விடயம். ஆனால் கூலி எவ்வளவு என்பது வேலைக்கு முன்னரே இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "பரிசோதனைக் கட்டணம் இவ்வளவு" என்று கடையில் எழுதி வையுங்கள். பில்லில் செய்ததை மட்டும் எழுதுங்கள். "காந்தம் இறக்கப்பட்டது. முன்னர் நாளுக்கு 20 நிமிடம் கூடுதல், இப்போது 12 செக்கன் கூடுதல்" என்று இரண்டு வரி போதும். செய்யாத வேலைக்குப் பணம் எடுத்தால், பிறகு கொடுக்கும் எந்த உத்தரவாதத்துக்கும் மதிப்பிருக்காது.

இன்னுமொன்று. திருத்தத்துக்குத் தரப்படும் மணிக்கூடு அமானிதம். உள்ளிருந்த நல்ல பாகத்தை எடுத்துவிட்டுப் பழையதைப் போடுவது திருட்டு. மாற்றிய பாகம் இருந்தால் பழையதை ஒரு சிறு பையிலிட்டு உரியவரிடமே கொடுத்துவிடுங்கள்.

விற்கும்போது

பாவித்த மணிக்கூடு விற்பவர்களுக்கும் இதே நிபந்தனைதான். வேகமாக ஓடும் மணிக்கூட்டைக் காலையில் சரியான நேரத்துக்கு வைத்துவிட்டால், வாங்குபவர் பார்க்கும் அந்த அரை மணித்தியாலத்தில் குறை தெரியாது. பிந்தி ஓடுவதையும் அப்படியே மறைக்கலாம். ஈரமான தானியத்தைக் குவியலின் உள்ளே மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நமக்குத் தெரிந்ததே. மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அங்கு கேட்கப்பட்டது. மணிக்கூட்டின் குறை தானாக மேலே வராது. அதை நமது வாயால்தான் மேலே கொண்டுவர வேண்டும்.

விற்பதற்கு முன்னர் மூன்று நாள் ஓடவிட்டு, நாளொன்றுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு துண்டில் எழுதி மணிக்கூட்டுடன் கட்டி வையுங்கள். குறையை அறிந்து வாங்கியவர் சண்டைக்கு வரமாட்டார். விலையில் சற்றுக் குறைய நேரலாம். அந்தக் குறைவில்தான் பரக்கத் இருக்கிறது.

நோன்பு காலத்தில்

பிந்தி ஓடும் மணிக்கூட்டால் கடைக்குப் பிந்துவோம், பஸ்ஸைத் தவறவிடுவோம், ஆகவே விரைவில் கவனிக்கிறோம். வேகமாக ஓடும் மணிக்கூட்டால் எல்லா இடத்துக்கும் முந்திப் போகிறோம், அதனால் அதை ஒரு குறையாகவே எண்ணுவதில்லை. ஆனால் றமழானில் நிலைமை மாறுகிறது. வெள்ளிக்கிழமை நேரம் சரிசெய்த ஒருவரின் மணிக்கூடு நாளொன்றுக்கு ஒரு நிமிடம் கூடினால், அடுத்த வியாழக்கிழமை அது ஆறு நிமிடம் முந்தி நிற்கும். பள்ளிவாசலுக்கு எட்டாத தூரத்தில் கடையிலோ பிரயாணத்திலோ இருப்பவர் அதை மட்டும் நம்பி நோன்பு திறந்தால், சூரியன் மறைய முன்னரே திறந்தவராகிவிடுவார். அவ்வாறு தெளிவானால் அந்த நோன்பைக் கழாச் செய்ய வேண்டும் என்பதே நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு.

எனவே றமழான் பிறக்க ஒரு வாரம் இருக்கும்போதே, நமது கையில் உள்ளதையும் கடைச் சுவரில் உள்ளதையும் மூன்று நாள் ஒப்பிட்டுப் பாருங்கள். மணிக்கூட்டுக் கடைக்காரர்கள் அந்த வாரத்தில் வேகப் பரிசோதனையை இலவசமாகச் செய்து கொடுத்தால், அது நன்மைக்கு நன்மை, கடைக்கும் நல்ல அறிமுகம்.

அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரை எச்சரித்து அல்குர்ஆனில் 83ஆவது அத்தியாயமே இறங்கியிருக்கிறது. நேரமும் ஓர் அளவைதான். நமது கையால் திருத்திக் கொடுத்த மணிக்கூட்டைப் பார்த்து ஒருவர் தொழுகிறார், நோன்பு திறக்கிறார், பிரயாணம் புறப்படுகிறார். அதை நினைவில் வைத்து வேலை செய்தால் ஊசியைத் தள்ள முன்னர் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்போம்.

வல்ல அல்லாஹ் நமது வியாபாரங்களில் நேர்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.